பச்சை டேப் ஒட்டிய விசை

பச்சை டேப் ஒட்டிய விசையின் மேல் வலது ஆள்காட்டி விரலை வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறேன் என்பது தவறு. ஒரு நெல்மணி நுழையும் இடைவெளி விட்டு மேலே நிறுத்தியிருக்கிறேன், ஏனென்றால் இந்த விசைப்பலகை ராஜகனியின் கைக்குப் பழகியது, நினைத்தாலே அமுங்கிவிடும். இருபது வருடத் தட்டலில் எழுத்துகள் எல்லாம் தேய்ந்து, விசைகள் மழைக்குப் பிந்தைய சுவர்போல வெறுமையாக இருக்கின்றன. அதனால்தான் எனக்காக மூன்று விசைகளில் மட்டும் டேப் ஒட்டியிருக்கிறாள், பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. மணி பத்து நாற்பது. பதினோரு மணிக்குத்தான் பார்ட்டி வருகிறது. அதுவரை விரலை அந்தரத்தில் தொங்கவிட வேண்டியதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வேண்டும், வைக்கும்போது மஞ்சளில் வைத்துவிட்டால், பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான், தெரியும், ஆனால் பயம் வந்தால் கண் நிறத்தைப் பார்க்காது, விரல் போகும் இடத்தைத்தான் பார்க்கும். "நெலப்படி மேல உள்ள மணி ஒரு தடவை அடிச்சா பச்சை. பெறகு ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் மஞ்சள். ரெண்டு தடவை சேந்தாப்ல அடிச்சா சிவப்பு. வேற எதையும் தொடாதீங்க அண்ணாச்சி," என்றாள் ராஜகனி. "சரிம்மா." "திருப்பிச் சொல்லுங்க." அறுபத்தொரு வயதில், முப்பத்திரண்டு வருடம் அச்சுப்பிழை பார்த்தே கண்ணாடி தடித்துப்போன ஆவுடையப்பனாகிய என்னை, பாலர் வகுப்புப் பிள்ளையைப்போல ஒப்பிக்கச் சொன்னாள். ஒப்பித்தேன். பச்சை தொடக்கம், மஞ்சள் அடுத்த தேதி, சிவப்பு நிறுத்தம். "அவ்வளவுதான். புரூப் பாக்காதீங்க, அமுக்க மட்டும் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என்னை அல்ல, கணினியை.

விஷயம் இவ்வளவுதான். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் இது. தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர். ஒரு கடைக்கு அடித்துக் கொடுக்கும் முன்பு முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் அச்செடுத்து, சணலால் கட்டி, பஸ்ஸில் ஏற்றி அனுப்புவோம். ஒரு வாரம் கழித்து அது தேநீர்க் கறையோடும், கடைக்காரர் வீட்டுப் பிள்ளை வரைந்த யானையோடும், ஜூன் பதினாலு எங்கள் தாத்தா நினைவு நாள், படம் பெரிதாக இருக்கட்டும் என்பதுபோன்ற ஆணைகளோடும் திரும்பி வரும். இந்தச் சணல் கட்டை ராஜகனி ஒழித்துக்கட்டிவிட்டாள். இந்தக் கணினிக்குள் அவள் எழுதிய நிரல் ஒன்று கண்விழித்து உட்கார்ந்திருக்கிறது. நான் பச்சையை அமுக்கினால் முன்னறையில் இருக்கிறவர்கள் கையிலுள்ள போன்களில் எல்லாம் ஜனவரி ஒன்று தோன்றும். மஞ்சளை அமுக்கினால் எல்லாப் போனிலும் ஒரே நேரத்தில் ஜனவரி இரண்டு. என் ஒரு விரலால் அத்தனை பேருக்கும் ஒரு நாள் கழியும்! யோசித்தால் சற்று அகங்காரமாகக்கூட இருக்கிறது. இதற்குப் பெயர் சர்வர் என்றாள். நான் கலைச்சொல் அகராதியைப் புரட்டி, வழங்கி என்று ஒரு சொல் இருப்பதாகத் தெரிவித்தேன். "அதென்னமோ போங்க. கல்யாணப் பந்தில வாளி தூக்கிட்டு நிக்கிறவரு இருக்காருல்ல, அவருதான் இது. அவரா போயி யாருக்கும் ஊட்டிவிட மாட்டாரு. கேட்டா ஊத்துவாரு. கேக்கலைன்னா நின்னுக்கிட்டே இருப்பாரு." "யார் கேட்பது?" "போனுதான். ஒவ்வொரு போனும் ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா கேட்டுக்கிட்டே இருக்கும். சாம்பார், சாம்பார், சாம்பார்னு. நீங்க மஞ்சள அமுக்கினா வாளி மாறும். அதுக்குப் பெறகு கேக்குறவுகளுக்கு ரசம்." அகராதி ஒரு சொல்லைத் தந்தது, அவள் ஒரு பந்தியையே விரித்துவிட்டாள். முப்பத்திரண்டு வருடமாக அகராதியோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. வலித்தாலும் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், சாம்பார் சாம்பார் என்று எனக்குள் யாரோ கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஓடாவிட்டால்? இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு எங்கே போனாலும் இங்கேயே வந்து நிற்கிறேன். முதலாளி பொன்னுத்துரை கெட்டவர் அல்ல, அவசரக்காரர். புரூப், பக்கம் அமைப்பது எல்லாவற்றையும் தை மாதத்திலிருந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிடுவது, இந்த அறையில் காகித ரீல் அடுக்குவது என்று முடிவு செய்துவிட்டார். ராஜகனி போய் நின்றாள். நான் ஒன்று செய்திருக்கிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றாள். "வியாழக்கிழமை அருப்புக்கோட்டை பாத்திரக்கடைப் பார்ட்டி வருது. அவுங்க முன்னால ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா பாப்போம். ஓடலைன்னா பொங்கலோட சரி," என்றார். இன்று வியாழக்கிழமை. பதினேழு வயதில் இங்கே காலண்டருக்குத் தகரம் அடிக்க வந்தவள், மேல்விளிம்பில் தகரப்பட்டையை மடக்கி அடிப்பார்களே அந்த வேலைக்கு, இப்போது நாற்பத்துநான்கு வயது. அவள் வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளம் ஒன்றில்தான். என் இருக்கை? அதைப்பற்றி யாரும் பேசவில்லை. அச்சுப்பிழை பார்ப்பவனை நீக்க வேண்டுமானால் அவன் இருப்பது முதலில் நினைவுக்கு வர வேண்டும். அறையில் இருக்கும் மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போய்விட்டாள், இன்னொருத்திக்குக் காய்ச்சல். முன்னறையில் போன்களைக் கோத்துவிட ராஜகனி இருந்தாக வேண்டும். மிச்சம் இருப்பது நான். முதலாளி மேஜையிலிருந்து இந்த அறைக்கு ஒரு மணி உண்டு. யாரையாவது கூப்பிட அவர் அமுக்குவார், இங்கே நிலைப்படி மேல் கிர்ரென்று அலறும். அதை இன்று அவள் அமுக்குவாள். அது அலறும்போது நான் திடுக்கிடுவேன். திடுக்கிடும்போது விரல் எங்கே போகும்? முப்பத்திரண்டு வருடமாக அந்த மணிக்கு நான் திடுக்கிடாத நாள் இல்லை.

பின்கட்டில் ஆஃப்செட் இயந்திரம் ஒரு சீரில் ஓடிக்கொண்டிருக்கிறது. மையின் வாடை, மண்ணெண்ணெய் வாடை, நேற்று ஒட்டிய டேப்பின் பசை வாடை. மேஜையில் ராஜகனியின் நோட்டு. நோட்டு இல்லை, டைரி. பதினோரு வருடத்துக்கு முந்தைய டைரி. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அந்த வருடம் அறுநூறு டைரி அடித்துக் கட்டி, அட்டை போட்டு, பொன் எழுத்தில் கம்பெனி பெயர் பொறித்து முடித்த பிறகுதான், வாங்க வந்தவர் நின்றபடியே புரட்டி, "பிப்ரவரிக்கு முப்பது நாளா?" என்று கேட்டார். பிப்ரவரி முப்பது, திங்கள்கிழமை, ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை. எல்லாம் சரியாக இருந்தது, நாள் ஒன்றைத் தவிர. இல்லாத நாளுக்கு ராகுகாலம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். முதலாளி என்னைத் திட்டவில்லை. அறுநூறையும் அலுவலகத்துக்குக் குறிப்பு நோட்டாகக் கொடுத்துவிட்டார், அது திட்டைவிட நீளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தேநீர்க் கணக்கிலிருந்து லாரி எண் வரை என் பாவத்தில்தான் எழுதுகிறார்கள். ராஜகனியும் இந்த நிரலை அதில்தான் எழுதினாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் தயிர்சாதமும் எதிரில் கீறல் விழுந்த போனில் யாரோ ஒருவர் பேசும் பாடமுமாக. நிறுத்துவாள், பின்னால் தள்ளுவாள், இன்னொரு தடவை கேட்பாள், எழுதுவாள், அடிப்பாள். ஏழு மாதம். ஜனவரிப் பக்கங்கள் முழுக்க அடித்தல். பிப்ரவரி முழுக்க அடித்தல். ஒருநாள் என் மேஜைக்கு வந்து டைரியை விரித்துக் காட்டினாள். "அண்ணாச்சி, இந்தப் பக்கத்துல எழுதுனதுதான் மொதமொதல்ல ஓடுச்சு." பார்த்தேன். பிப்ரவரி முப்பது. கேலியாக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, அவள் தேதியைக் கவனிக்கவே இல்லை. நான் உலகத்துக்குக் கூடுதலாக விட்டுவிட்ட ஒரு நாளை இவள் ஒருத்திதான் வீணாக்காமல் பயன்படுத்தியிருக்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "உக்கார வேண்டிய எடத்துல உக்காந்திருச்சு," என்று நிரலைப்பற்றி அவளே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பத்து நாற்பத்தேழு. விரலை எடுத்துவிட்டேன், வியர்க்கிறது. எடுத்தது தப்பா? வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைக்கிறேன். அவள் நிரலில் அந்த மூன்று தமிழ் எழுத்துகள் ஏன் இருக்கின்றன என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. முந்தாநாள் நிரல் முழுவதையும் அச்செடுத்து என் முன்னால் வைத்தாள், ஆறு பக்கம். "தப்பு பாருங்க." "எனக்கு இந்தப் பாஷை தெரியாதேம்மா." "தெரியாதவுகதான் தப்பப் பாப்பாக. தெரிஞ்சவுக அர்த்தத்தப் பாப்பாக." என் தொழிலின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பார்த்தேன். திறக்கும் அடைப்புக்குறி நாற்பத்தொன்று, மூடும் அடைப்புக்குறி நாற்பது. நான்காம் பக்கத்தில் ஒரு கதவு திறந்தபடி கிடந்தது. காட்டினேன். "அய்யோ, இதுக்குத்தான் மூணு நாளா முட்டிக்கிட்டேன்!" என்று மேஜையில் அடித்தாள், பக்கத்து மேஜைத் தேநீர் சிந்தியது. அந்தச் சந்தோஷத்தில் நான் இன்னும் கூர்மையாகப் பார்த்து ஐந்தாம் பக்கத்தில் அந்த மூன்றையும் பிடித்தேன். ஆங்கிலமாகவே போய்க்கொண்டிருக்கும் நிரலில், அரிசியில் கல் கிடப்பதுபோல, ஒரு வரியில் இ, அடுத்த வரியில் உ, அதற்கடுத்த வரியில் ஓ. தமிழ் எழுத்துக்கு அங்கே என்ன வேலை? உ என்பது பிள்ளையார் சுழியாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் சுழி முதல் பக்கத்தில் அல்லவா போட வேண்டும், ஐந்தாம் பக்கத்தில் நினைவு வந்தவுடன் போட்டாளா? ஓ என்பது ஓம் என்று எழுத வந்து நின்றதாக இருக்கலாம். இ? இசக்கியம்மன்? எவ்வளவு அழகான விளக்கம், எவ்வளவு கற்பனை! திருத்தத்தை நானே கணினியில் போடுகிறேன் என்று உட்கார்ந்தேன், அடைப்பை மூடினேன், இ-யின் பக்கத்தில் போய் நின்றேன். அழிக்கும் விசையில் விரல் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு விரதம் உண்டு, புரியாததைத் திருத்துவதில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் பேச்சிராசு என்பது ஆண்பிள்ளைப் பெயர் என்று நானாகத் தீர்மானித்து, மணமகனையும் மணமகளையும் இடம் மாற்றி வைத்த நாளிலிருந்து இந்த விரதம். எழுதியவருக்கு ஒரு கேள்விக்குறி, அத்தோடு கை கட்டிக்கொள்ள வேண்டும். விரலை எடுத்தேன். தாளில் மூன்றையும் பென்சிலால் சுழித்து ஓரத்தில் மூன்று கேள்விக்குறி போட்டுக் கொடுத்தேன். அவள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு என் பென்சிலையே வாங்கி, நான் இத்தனை வருடம் தாள்தாளாகப் போட்டுவரும் அதே குறியை, எழுத்துக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்துப் பக்கத்தில் எழுதுவோமே, இருக்கட்டும் என்று, அதை எழுதித் திருப்பித் தந்தாள். காரணம் சொல்லவில்லை. இருக்கட்டுமாம்! அலங்காரமாக இருக்கும். நேர்த்திக்கடனாக இருக்கும். எனக்கென்ன.

இப்போது சும்மா இருக்க முடியாமல் திரையைப் பார்க்கிறேன். கறுப்புச் சாளரம் ஒன்றில் வெள்ளைக் கோடு மினுங்கிக்கொண்டிருக்கிறது. நிரல் பச்சைக்காகக் காத்திருக்கிறது. பக்கத்தில் தாளின் மாதிரி. மேலே கடைப் பெயர், நடுவில் தேதி, கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர், அச்சகத்தின் தொலைபேசி, அச்சக உரிமையாளர் பெயர். வேறு பெயர் இல்லை. இருக்காது, அச்சில் வரும் எதிலும் எழுத்துக் கோத்தவள் பெயர் இருக்காது. பனையோலையில் படி எடுத்தவன்கூட ஏட்டின் கடைசியில் இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் எழுதி முடித்தது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்தருள்க என்று ஒரு வரி எழுதிக்கொண்டான். எழுத்தாணி பிடித்தவனுக்கு இருந்த அந்த ஒரு வரி, ஈய அச்செழுத்து வந்தபோது போயிற்று, கணினி வந்தபோதும் திரும்பவில்லை. இதை நான் பல காலமாக நினைத்திருக்கிறேன், ஒன்றும் செய்ததில்லை. பத்து ஐம்பத்திரண்டு. தாளின் அடிவரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், புரூப் பார்க்க அவளே திறந்து காட்டியிருக்கிறாள். வேறு எதையும் தொடாதீங்க அண்ணாச்சி. தொடவில்லை, பார்க்கிறேன். கோப்பைத் திறந்தேன். இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கித் தமிழுக்கு மாற்றினேன். கை தானாக ஓடியது, எந்த எழுத்து எந்த விசை என்று என் தலைக்குத் தெரியாது, விரல்களுக்குத்தான் தெரியும், தேய்ந்த பலகை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நிரல் ஆக்கம்: வே. ராஜகனி. முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் ஒருமுறை சரிபார்த்தேன். சேமித்தேன். கோப்பை மூடிவிட்டுக் கறுப்புச் சாளரத்துக்குத் திரும்பி, பச்சைக்கு மேல் விரலை நிறுத்தினேன். திருட்டு மாங்காய் தின்றதுபோல இருந்தது. ஆனால் நல்ல ருசி.

ப்ளைவுட் தடுப்புக்கு அப்பால் நாற்காலிகள் இழுபடுகின்றன. வந்துவிட்டார்கள், மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிறது, தொழில் அப்படி. காபி, உட்காருங்க, மழை உண்டா அங்க, எங்க மழை. ராஜகனியின் குரல்: "உங்க போனக் குடுங்க. இந்த நம்பரை அடிச்சாப் போதும். நீங்களும் குடுங்க." பிறகு முதலாளியின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இது வந்து, மெட்ராஸ் கம்பெனிக்காரன் பண்ணிக் குடுத்தது. லேட்டஸ்ட். இனிமே எல்லாமே அங்கதான்." என் விரல் ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டது. என்ன சொன்னார்? ராஜகனி அங்கேதானே நிற்கிறாள், ஒன்றும் சொல்லவில்லையே. ஐயோ, அடிவரி! இன்னும் ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு போனிலும் கீழே அவள் பெயர் வந்து நிற்கப் போகிறது, முதலாளி பார்ட்டி முன்னால் பொய்யராகப் போகிறார், அந்தக் கோபம் யார் தலையில் இறங்கும்? என் தலையில் இறங்காது, நான் இருப்பதே அவருக்கு நினைவில்லை, அவள் தலையில் இறங்கும், அவளே போட்டுக்கொண்டாள் என்பார், ஓடினாலும் ஓடாததுபோல ஆகிவிடும். எடுத்துவிட வேண்டும். கோப்பு எங்கே, மூடிவிட்டேனே, எந்தச் சாளரம், கணினி எலி எங்கே, எலியைப் பிடித்தேன், கோப்புப் பெயர் இரண்டுபோலத் தெரிகிறது. தொடாதீங்க அண்ணாச்சி என்று சொன்னாளே, ஒரே ஒரு வாக்கியம், அதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லையே. கிர்ர்ர்ர். மணி அலறியது. திடுக்கிட்டேன், எலியை விட்டேன், கறுப்புச் சாளரம் முன்னால் வந்தது, பச்சையை அமுக்கினேன்.

கறுப்பில் ஒரு கட்டம் விழுந்தது. வெற்றுக் கட்டம், நான்கு கோடு, உள்ளே ஒன்றுமில்லை. எனக்கு இந்தக் கட்டத்தைத் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து புதியதற்கு மாறிய வருடம் பக்கம் பக்கமாகக் கட்டங்களைப் பார்த்து அழுதிருக்கிறோம். தமிழ் தெரியாத சாளரத்தில் தமிழ் எழுத்தை அடித்தால் இதுதான் வரும். தமிழ். நான் தமிழிலிருந்து மாற்றவில்லை. கடவுளே, மாற்றவில்லை! இந்த அறையில் எல்லாரும் பாடுகிற பல்லவிதானே இது, அண்ணாச்சி உக்காந்து எந்திரிச்ச சீட்டுல இங்கிலீஷ் வராது என்று அந்த இரண்டு பெண்களும் தினம் கத்துவார்களே, இத்தனை வருடத்தில் ஒருநாளாவது நான் மாற்றி வைத்துவிட்டு எழுந்திருக்கிறேனா? எந்த இரண்டு விசை? இப்போதுதானே அமுக்கினேன், கை தானாகச் செய்ததைத் தலை எங்கே போய்த் தேடும்? அங்கே மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வெறும் வெள்ளையைப் பார்க்கிறார்கள், பொங்கலோட சரி, ரீல் அடுக்குவார்கள், நான் அடுக்கினேன், நானே என் கையால். அப்போது கட்டத்துக்குக் கீழே ஒரு வரி வந்தது. ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், தொடங்கியது என்று. அதன் கீழே இன்னொரு வரி, 41. இன்னொன்று, 43. 44. 47. மறுபடி 41. ஒவ்வொரு எண்ணும் ஒரு போன், போன்கள் கேட்கின்றன. சாம்பார், சாம்பார், சாம்பார்! தடுப்புக்கு அப்பால் குடத்துக் குரல்: "அட, வந்துருச்சே. ஒனக்கு வந்துச்சா?" "எனக்கும் ஜனவரி ஒண்ணு." எப்படி? மூச்சை விட்டுவிட்டு இடது கையைப் பலகையில் வைத்துப் பார்த்தேன், வழக்கமாக வைக்கும் இடத்தில், மெதுவாக, அமுக்காமல். மோதிர விரல் போய்ப் பச்சையில் உட்கார்ந்தது. அந்த விரலுக்குத் தெரியும், அங்கே அமுக்கினால் தமிழில் என்ன வருமென்று. இ. நடுவிரல் மஞ்சளில், உ. சிவப்பில், ஓ. பிள்ளையார் சுழி இல்லை, இசக்கியம்மன் இல்லை. என் மறதியைத்தான் அவள் நிரலில் எழுதி வைத்திருந்திருக்கிறாள், மூன்று எழுத்தில், தமிழில் அமுக்கினாலும் ஏற்றுக்கொள் என்று. அந்த மூன்றில்தான் முந்தாநாள் நான் அழிக்கும் விசையில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கண்ணாடி மங்கிப்போயிற்று. துடைக்க நேரமில்லை.

கிர்ர். மஞ்சள், நடுவிரலால். ஒரு கட்டம். அப்பால், "ரெண்டாந்தேதி!" கிர்ர். மஞ்சள். "மூணு. ஏ, அங்க பாரு, எல்லாத்துலயும் ஒண்ணா மாறுது." கிர்ர். மஞ்சள். கட்டம் கட்டமாக இறங்கிக்கொண்டே போகிறது, என் வாழ்க்கையில் இத்தனை வெற்றுக் கட்டங்களை இவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை. நிரலுக்கு எவ்வளவு பொறுமையான வேலை இது! கேட்பவர் கேட்டதும் கொடுக்க வேண்டும், அதே சமயம் என் விரலையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு காதும் இரண்டு பக்கம். அது முடியாமல்தான் ஆனி மாதம் முழுக்க அல்லாடினாள். விசைக்குக் காத்திருந்தால் பந்தி நின்றுவிடுகிறது, பந்தியைப் பார்த்தால் விசை காதில் விழவில்லை என்றாள். பிறகு ஒருநாள், ரெண்டு ஆளா பிரிச்சிட்டேன் அண்ணாச்சி, ஒராளு வாளியோட, ஒராளு வாசல்ல, என்றாள். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே இதைக் கண்டுபிடித்தவளை மெட்ராஸ்காரன் என்கிறாரே மனிதர். கிர்ர். மஞ்சள். ஒன்பதாம் தேதி. அப்போதுதான் குடத்துக் குரல் நின்று, ஒவ்வொரு சொல்லாக வாசித்தது. "நிரல் ஆக்கம். வே. ராஜகனி. ஏம்ப்பா, பொடி எழுத்துல போட்டிருக்கே, மெட்ராஸ்காரன் பேரு ராஜகனியா?" "அது நம்ம பக்கத்துப் பேராச்சேண்ணே," என்றது இளையவர் குரல். முதலாளி செருமினார், ஒருமுறை, இரண்டு முறை. நான் விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டேன், ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல. ராஜகனி பேசினாள். "நாந்தான் ராஜகனி. நாந்தான் செஞ்சேன்." "நீயாம்மா? போனக் கோத்துவிட வந்த பிள்ளைன்னுல்ல நெனச்சேன்! அப்ப மெட்ராஸ்காரன்?" "அது பேச்சுக்குச் சொல்றதுதான்," என்றார் முதலாளி. "மெட்ராஸ்னு சொன்னாத்தான நீங்க காபியே குடிக்கிறீக." மூன்று அண்ணன் தம்பியும் சிரித்தார்கள், பாத்திரம் உருண்டதுபோல. "நல்லாச் சொன்னீரு. ஆனா ஒண்ணு. தாத்தா படத்தைப் பெரிசாக்கணும்னா மெட்ராஸ்காரன் எந்த பஸ்ஸப் புடிச்சு வருவான்? இந்தம்மா அடுத்த வருசமும் இங்க இருக்கும்ல?" மஞ்சளுக்கு மேல் விரல். மணி அடிக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை. "இருக்கும்," என்றார் முதலாளி. "இருக்கும், இருக்கும்." ஒரே சொல் அடுத்தடுத்து மூன்று முறை வந்தால் இரண்டை அடித்துவிடுவது என் தொழில். அடிக்கவில்லை.

கிர்ர், கிர்ர். இரண்டு முறை. சிவப்பு. விரலைக் கொண்டுபோனேன், வைத்தேன், அமுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்காலிகள் இழுபட்டன, செருப்புகள், வாறோம்மா, வாங்கண்ணாச்சி, மோட்டார் சத்தம். ராஜகனி உள்ளே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, கழுத்தில் மட்டும் வியர்வை. திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை கட்டங்கள். "தமிழ்லயே வச்சிருந்தீகளாக்கும்." "ஆமாம்மா." "தெரியும்." நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "எம்பேர யாரு போடச் சொன்னா?" நான் பென்சிலை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குள் விட்டுக் கண்ணைச் சொறிந்துகொண்டேன். "புரூப் பாக்காதீங்கன்னுதான சொன்னேன்." "புரூப் பார்க்கவில்லை. விடுபட்டிருந்தது, சேர்த்தேன்." அவள் டைரியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. "ரெண்டு தடவ அடிச்சேனே, நிறுத்தலையா?" "இதோ," என்று சிவப்புக்குப் போனேன். அப்போது இருவருமே பார்த்தோம். 43 நின்றுவிட்டது, 44 நின்றுவிட்டது, 47 போயே போய்விட்டது, அருப்புக்கோட்டைச் சாலையில் ஏறியிருப்பார்கள். ஆனால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒரு வரி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. 41. 41. 41. "யாரது?" என்றேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "மொதலாளி போனு." தடுப்புக்கு அப்பால் காலி நாற்காலிகளுக்கு நடுவே அந்த மனிதர் ஒன்பதாம் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார், அதன் அடிவரி வரைக்கும். 41. "நிறுத்தவா?" என்றேன். ராஜகனி என் கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், சிவப்பு டேப்பின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள், விசை அமுங்காமல்.

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள்.